நான்கு வினாடி மேவிஸ்

எழுபதுகளில் வந்த இங்கிலீஷ் காமெடிப் படங்களைப் பற்றி யாராவது மூக்கைச் சுளித்துப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டெலிவிஷனில் வாராவாரம் அரை மணி நேரம் ஓடிய தொடரை எடுத்து, ஒன்றரை மணி நேரமாக இழுத்து, நாலு ஜட்டியும் இரண்டு குளியல் துண்டும் கூடுதலாகச் சேர்த்து சினிமாவாக விட்டார்கள் என்பது உண்மைதான். கதை என்று ஒன்றும் கிடையாது. எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே யாராவது அரைகுறையாக நிற்பார்கள். லண்டன் பத்திரிகைக்காரர்கள் காறித் துப்பினார்கள். துப்பட்டுமே. சாண்ட்பி மாதிரி ஒரு சின்னக் கடற்கரை ஊரில், மழை பெய்கிற ஆகஸ்ட் மத்தியானத்தில், தியேட்டரை நிரப்பியது அந்தப் படங்கள்தான். நான் அங்கே இருபத்தாறு வருஷம் ஆபரேட்டர். அவைதான் எனக்குச் சோறு போட்டன.

அதைவிட முக்கியம், அப்படி ஒரு படத்தில் என் பக்கத்து வீட்டு மேவிஸ் டாகெட் நான்கு வினாடி வந்தாள்.

மேவிஸைப் பார்ப்பதற்கு முன்பே அவள் சிரிப்பு எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். நான் குடிவந்த முதல் வாரமே, டெலிவிஷனில் யாருடைய கால்சட்டையோ கழன்று விழ, சுவரில் மாட்டியிருந்த என் கடிகாரம் ஆடியது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கடைசியில் ஒரு விக்கலோடு முடிகிற சிரிப்பு. அவளுடைய புருஷன் டெட் உயிரோடு இருந்தபோது இரண்டு சிரிப்பு கேட்குமாம். ஐம்பத்தெட்டாம் வருஷம் நெஞ்சுச் சளியில் அவன் போய்ச் சேர்ந்தான். பிறகு ஒற்றைச் சிரிப்புதான்.

பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. சமையலறைக்கும் பிள்ளைகள் சாப்பிடும் கூடத்துக்கும் நடுவே சுவரில் ஒரு சதுர ஜன்னல். அதன் வழியாகத்தான் உருளைக்கிழங்கு மசியலும் கஸ்டர்டும் வெளியே வரும். சாண்ட்பியில் இருபது வருஷமாக வளர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் அந்த ஜன்னலில் மேவிஸைப் பார்த்திருக்கிறது. வெள்ளைத் தொப்பி, சிவந்த முகம், கரண்டி பிடித்த கை. அவ்வளவுதான். தெருவில் அவள் நடந்து போனால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. "என்னைப் போட்டோ மாதிரி கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்காங்க லென், இடுப்புக்குக் கீழே நான் கிடையவே கிடையாது" என்று சொல்லிச் சிரிப்பாள். அது வெறும் வேடிக்கை இல்லை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாளாயிற்று.

ஹொரேஸ் கட்பர்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆணி, தாழ்ப்பாள், மண்ணெண்ணெய் ஹீட்டர் விற்கும் கடைக்காரர். கல்யாணம் ஆகாதவர். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பார், ஊர்க் கவுன்சிலில் உறுப்பினர். அறுபத்திரண்டில் மேவிஸின் சமையலறைக் குழாய்க்கு வாஷர் போட வந்தவர், ஒரு டீ குடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். பதினொரு வருஷம் ஞாயிறு தவறாமல் நாலு மணிக்கு வந்துகொண்டே இருந்தார். டின் சால்மன் வைத்த சாண்ட்விச், டின் பீச் பழம், அதன்மேல் கெட்டிப்பால். சாப்பிட்டு முடித்ததும் மேவிஸ் பாத்திரம் கழுவுவாள், அவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து ஊர்ச் சாக்கடை நிலவரத்தை விளக்குவார். பதினொரு வருஷத்தில் "மிசஸ் டாகெட்" என்பதைத் தாண்டி அவர் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. சிரித்ததும் இல்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் மீசையைத் தடவிக்கொள்வார்.

"நல்ல மனுஷன்தான்" என்று மேவிஸ் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்வாள். "கேட்டார்னா என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியலை. சிரிக்கத் தெரியாத ஆளோட மிச்சக் காலத்தை எப்படி லென் ஓட்டறது?"

எழுபத்து மூன்று மார்ச்சில் சினிமாக்காரர்கள் ஊருக்கு வந்தார்கள். ஒரு சலவைக் கம்பெனி வேன்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் அசடு வழிகிற தொடர் அப்போது டெலிவிஷனில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. அதைச் சினிமாவாக எடுக்கும்போது வழக்கம்போல எல்லோரையும் கடற்கரைக்குச் சுற்றுலா அனுப்பிவிட்டார்கள். கதைப்படி ஆகஸ்ட். நிஜத்தில் வடகடல் காற்று காதை அறுத்துக்கொண்டு போகிற மார்ச். நீச்சலுடைப் பெண்கள் விறைத்துப்போய்ப் புல்லரித்த தொடைக்கு மேக்கப் பூசிக்கொண்டிருந்தார்கள். மூச்சு புகையாகத் தெரிந்தால் கோடைக்காலம் பொய் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ஷாட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு ஐஸ்கட்டியை வாயில் போட்டு ஊறவைத்தார்கள். அந்தக் குளிரில் ஐஸ்! வேடிக்கை பார்க்கப் போன நான் சிரித்துவிட்டு அடி வாங்காத குறை.

அவர்களுக்குப் பன்றிக்கறி ரொட்டி போட்டுக் கொடுக்க வார விடுமுறையில் மேவிஸைக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை ஒரு காட்சி. விடுதி நடத்துகிற குண்டம்மா, சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே உள்ள ஜன்னலில் தலையை நீட்டி, பாதியில் சிக்கிக்கொள்கிறாள். சலவைக்காரன் பின்னாலிருந்து இழுக்க வேண்டும். அந்த நடிகைக்கு இடுப்பு வலி. "என் பின்பக்கத்தை எவனோ பிடிச்சு இழுக்கலாம்னு என் ஒப்பந்தத்துல எழுதலை" என்று சொல்லிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். டைரக்டர் தலையில் கை வைத்தார். உதவியாளன் ஒருத்தன் சுற்றிலும் பார்த்தான். ரொட்டித் தட்டோடு குனிந்து நின்ற மேவிஸ் அவன் கண்ணில் பட்டாள்.

"அம்மா, இந்த மாதிரி ஜன்னல் உங்களுக்குப் பழக்கம் உண்டா?"

"பழக்கமா! இருபது வருஷமா அதுலதான்ப்பா குடியிருக்கேன்."

பூப்போட்ட பாவாடையை மாட்டி அவளை ஜன்னலுக்குள் திணித்தார்கள். சலவைக்காரனாக நடித்தவர் காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தார். அப்போதுதான் யாரும் எழுதாத ஒன்று நடந்தது. இந்தப் பக்கம் இத்தனை ரகளை நடக்க, மேவிஸின் இடது கால் செருப்பை உதறிவிட்டு மெதுவாக மேலே எழுந்து, வலது கெண்டைக்காலை இரண்டு தடவை சொறிந்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல இறங்கிச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டது. அது அவளுடைய பழக்கம். பாத்திரம் கழுவும்போது எப்போதும் செய்வாள். செய்கிறோம் என்றே தெரியாமல் செய்வாள்.

"கட்" என்று கத்தக்கூட டைரக்டரால் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விளக்குக்காரர்கள், சவுண்டுக்காரன், நீச்சலுடைப் பெண்கள், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளை ஜன்னலிலிருந்து உருவி எடுத்து நிறுத்தியதும் கை தட்டினார்கள். நாற்பது பேர். தலைமுடி கலைந்து, முகம் செக்கச்செவேலென்று, மேவிஸ் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அப்படி ஓர் அழகை நான் அவளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் வேலியோரம் சொன்னாள்: "யார்கிட்டயும் சொல்லாதே. படம் வரட்டும். ஹொரேஸ் வந்து உட்காரட்டும். அவர் சிரிச்சிட்டார்னா, கேட்டாலும் கேட்காட்டியும் அவர்தான் எனக்கு. இதுக்கும் சிரிக்கலைன்னா டீயோட சரி, முடிச்சுக்கறேன்."

"ஒரு மனுஷன் தலையெழுத்தை உன் பின்பக்கத்துல கட்டி வெச்சிருக்கியே மேவிஸ்" என்றேன். அன்றைக்குக் கடிகாரம் மறுபடி ஆடியது.

அந்தக் காலத்தில் இப்படிப் படங்களை அவசர அவசரமாக எடுத்து முடிப்பார்கள். ஆகஸ்டில் படம் எங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் எங்கள் கவுன்சிலுக்கு ஒரு வழக்கம் உண்டு. லண்டனில் தணிக்கை செய்து அனுப்பினாலும், சலசலப்புள்ள படம் என்றால் ஐந்து உறுப்பினர்கள் கொண்ட குழு முதலில் பார்த்து, ஊருக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லும். வியாழக்கிழமை திரையிட வேண்டிய படத்தை முந்தின வெள்ளி காலை பத்து மணிக்கு அவர்களுக்கு ஓட்டினேன். எழுநூறு நாற்காலிக்கு நடுவே ஐந்து பேர், மடியில் டீக் கோப்பையோடு. அவர்களுக்குத் தலைவர் ஹொரேஸ் கட்பர்ட்.

டெலிவிஷன் நடிகர்களுக்கு ஒரு வியாதி. அங்கே எதிரே ஆட்கள் உட்கார்ந்து சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கும்வரை இவர்கள் வசனத்தை நிறுத்திவைப்பார்கள். சினிமாவிலும் அதே இடைவெளியை விட்டுவைத்திருந்தார்கள். ஆள் நிறைந்த கொட்டகையில் அது தெரியாது. ஐந்து கவுன்சிலர்களுக்கு முன்னால் ஒவ்வொரு ஜோக்குக்குப் பிறகும் சாவு விழுந்த வீடு மாதிரி ஒரு மௌனம். மிசஸ் ஆக்கன்டன் என்கிற அம்மாள் மட்டும் கைக்குட்டைக்குள் குலுங்கினாள்.

ஜன்னல் காட்சி வந்தது. கால் எழுந்தது, சொறிந்தது, இறங்கியது. நான் என் அறைத் துவாரம் வழியாக ஹொரேஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முதுகு ஆணி அடித்ததுபோல நிமிர்ந்தது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். படம் முடிந்ததும் எழுந்து, அந்த நான்கு வினாடியை மட்டும் வெட்ட வேண்டும் என்றார். மற்ற ஜட்டி, துண்டு எதற்கும் அவருக்கு ஆட்சேபணை இல்லை! இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள், இரண்டு பேர் சரி என்றார்கள். ஹொரேஸின் ஓட்டோடு மூன்றுக்கு இரண்டு. உத்தரவு உத்தரவுதான். கத்தரியை எடுத்து ஆறடி பிலிமை வெட்டி, தகர டப்பாவில் போட்டேன். வாய்க்குள் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மேவிஸிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை, அழவில்லை. கையில் வைத்திருந்த சால்மன் டின்னை அலமாரியில் திரும்ப வைத்தாள்.

"அவருக்கு நான்தான்னு தெரிஞ்சிருக்கு" என்றாள். "பார்க்கவே சகிக்கலை போல. இந்த ஊர்ல இருபது வருஷமா என்னை யாரும் முழுசாப் பார்த்ததில்லை லென். ஒரே ஒரு தடவை நாற்பது பேர் பார்த்துச் சந்தோஷமாச் சிரிச்சாங்க. அதையும் கத்தரியில வெட்டிட்டார்."

ஞாயிறு நாலு மணிக்கு ஹொரேஸ் வந்து கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. போய் அவரை என் வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

"ஏன் வெட்டினீங்க?"

"அது மிசஸ் டாகெட்."

"எப்படித் தெரியும்? முகமே வரலையே."

தொப்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "பதினொரு வருஷமாப் பின்னால உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருக்கேன் லென். பாத்திரம் கழுவறப்போ அந்தக் காலை எடுப்பாங்க. அதைப் பார்க்கத்தான் நான் ஞாயித்துக்கிழமை வர்றதே. ஊர்ல கண்டவனும் அதைப் பார்த்து, அவங்களைக் கேலி பண்ணி… அதை எப்படி விட முடியும்?"

எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. "அட மனுஷா! ஊர் பார்த்துச் சிரிக்கணும்னுதானே அவ போனா! அதுவும் நீங்க சிரிக்கணும்னு. மார்ச்சுலேர்ந்து காத்துக்கிட்டிருக்கா. அவமானப்படுத்தறது யாரு, சிரிக்கறவனா, வெட்டறவனா?"

தொப்பி சுற்றுவது நின்றது. "அந்தத் துண்டை என்ன பண்ணீங்க?" என்றார்.

"டப்பாவுல இருக்கு."

"பத்திரமா வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய் மத்தியானம் கவுன்சில் கூட்டம். ஹொரேஸ் ஏதோ செய்யப்போகிறார் என்று எனக்குப் பட்டது. வர மாட்டேன் என்ற மேவிஸை இழுத்துக்கொண்டு போய்ப் பார்வையாளர் பெஞ்சில் உட்காரவைத்தேன். கடற்கரைக் கழுதைகளுக்கு லைசென்ஸ் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். அது முடிந்ததும் ஹொரேஸ் எழுந்தார். ஒரு விவகாரத்தில் உறுப்பினருக்கு வேண்டியவர்கள் சம்பந்தப்பட்டிருந்தால், முதலிலேயே எழுந்து அதைச் சொல்லிவிட்டு ஓட்டுப் போடாமல் விலகிவிட வேண்டும் என்பது கவுன்சிலின் விதி. மாமன் மச்சானுக்கு யாரும் காண்டிராக்ட் கொடுத்துவிடக் கூடாது என்று போட்ட விதி.

"வெள்ளிக்கிழமை நான் அந்த விதியை மீறிட்டேன்" என்றார். "அந்த நாலு வினாடியில வர்றவங்க எனக்கு வேண்டியவங்க. என் ஓட்டு செல்லாது."

மூன்றிலிருந்து ஒன்று போனால் இரண்டுக்கு இரண்டு. சரிபாதி ஓட்டில் தீர்மானம் நிற்காது, வெட்டு உத்தரவு ரத்தானது. ஆனால் கவுன்சில் குமாஸ்தா பேனாவைக் கீழே வைக்கவில்லை. அவர் எதையும் அரைகுறையாக எழுதுகிற ஆள் இல்லை.

"எந்த வகையில வேண்டியவங்க? உறவா, தொழிலா? பதிவுல எழுதணும்."

"பதினொரு வருஷமா டீக்குப் போறேன்."

"டீயை எந்த வகையில சார் சேர்க்கறது?"

ஹொரேஸ் மீசையைத் தடவினார். "அதை இன்னும் அவங்ககிட்டக் கேட்கலை."

"அப்பக் கேளுங்களேன்" என்று பெஞ்சிலிருந்து மேவிஸ் சொன்னாள்.

"பார்வையாளர்கள் பேசக் கூடாது" என்றார் கவுன்சில் சேர்மன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!" என்றாள் மிசஸ் ஆக்கன்டன்.

ஹொரேஸ் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். "மிசஸ் டாகெட், என்னைக் கட்டிக்கறீங்களா?"

மேவிஸ் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள். "வியாழக்கிழமை மத்தியானம் படத்துக்கு வாங்க. அங்க சொல்றேன்."

குமாஸ்தா தலை நிமிராமல் எழுதினார்: விவகாரம் வியாழன்வரை ஒத்திவைக்கப்பட்டது.

வியாழன் மத்தியானம் எங்கள் ஊரில் கடைகளுக்கு அரை நாள் விடுமுறை. கவுன்சில் சங்கதி அதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கசாப்புக்கடைக்காரர், தபால் ஆபீஸ் பெண்கள், மேவிஸின் கஸ்டர்டு தின்று வளர்ந்து இப்போது மீசை வைத்தவர்கள் என்று கொட்டகை வழிந்தது. ஆறடியைத் திரும்ப ஒட்டியிருந்தேன். ஒட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் பிலிமில் ஒரு கட்டம், அதாவது ஒரு சின்னப் படம், வீணாகும். தலையில் ஒன்று, வாலில் ஒன்று. வீணானதை நான் எறியவில்லை.

மூன்றாவது வரிசையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஹொரேஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் வந்திருந்தார். பாவம், பரீட்சைக்கு வந்தவர்போல இருந்தார். சிரி என்று சொன்னால் எவனுக்குச் சிரிப்பு வரும்?

ஜன்னல் காட்சி வந்தது. கால் எழுந்ததும் கொட்டகை இடிந்து விழுந்துவிடுமோ என்று பயந்தேன். நடிகர்கள் விட்டுவைத்திருந்த இடைவெளி போதவில்லை. அடுத்த மூன்று வசனம் யார் காதிலும் விழவில்லை. "நம்ம மேவிஸ்டா!" என்று எவனோ விசிலடித்தான். துவாரம் வழியாகப் பார்த்தேன். மேவிஸ் திரையைப் பார்க்கவில்லை, ஹொரேஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹொரேஸ் கல்லாக உட்கார்ந்திருந்தார். சிரிப்பு அடங்கியது. போச்சு என்று நினைத்தேன்.

அடுத்தது சோகக் காட்சி. விடுதிக்காரி தன் செத்துப்போன புருஷனின் படத்தைத் துடைத்துக்கொண்டு அழ வேண்டும். கொட்டகை அமைதியாக இருந்தது. அந்த அமைதியில், குளிரில் கிளம்பாத கார் மாதிரி ஒரு சத்தம். இரண்டு தடவை இருமி, மூன்றாவதில் பற்றிக்கொண்டது. ஹொரேஸ் கட்பர்ட் சிரித்துக்கொண்டிருந்தார். எழுநூறு பேரும் திரும்பிப் பார்க்க, கண்ணில் நீர் வழிய, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தார். மேவிஸும் சேர்ந்துகொண்டாள். என் அறைத் துவாரத்தின் கண்ணாடி அதிர்ந்தது.

பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். திரையில் பார்த்தபோது பயம்தான் இருந்ததாம். எல்லாம் முடிந்துவிட்டது என்று தலையைக் குனிந்திருக்கிறார். பக்கத்தில் மேவிஸின் இடது கால் செருப்பை விட்டு வெளியே வந்து, வலது காலைச் சொறிந்துவிட்டு, இருட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததாம்.

அக்டோபரில் கல்யாணம். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடி இரண்டு சிரிப்பு. இரண்டாவது எப்போதும் கொஞ்சம் தாமதமாக வரும். வீணான இரண்டு கட்டங்களில் ஒன்றை மரச்சட்டம் போட்டு அவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தேன். ஹொரேஸ் சட்டத்தைப் பிரித்து, தபால்தலை அளவுகூட இல்லாத அந்தப் பிலிமை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டார். கவுன்சில் கூட்டம் சலித்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாராம்.

பதின்மூன்று வருஷம் அவர்களுக்குக் கிடைத்தது. எண்பத்தாறில் ஹொரேஸ் தூக்கத்திலேயே போய்விட்டார். பெட்டியை மூடுவதற்கு முன்னால் மேவிஸ் பர்ஸிலிருந்து அந்தப் பிலிமை எடுத்து அவர் கோட்டின் மேல்பையில் செருகினாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"அங்க போயும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார், லென்" என்றாள், பையை இரண்டு தடவை தட்டிக்கொண்டே. "நான் வர்ற வரைக்கும் பார்த்துச் சிரிக்க ஏதாவது வேணுமில்லையா."